'நைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு: மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

அரிய சொற்கள் மொழிபெயர்ப்பாளரைத் தடுத்து நிறுத்துகின்றன. அவர் அகராதியை நாடுகிறார், உரைகளை ஒப்பிடுகிறார், அறிந்தவரிடம் கேட்கிறார். எளிய சொற்கள் அவரைத் தடுப்பதில்லை. பொருள் முன்னரே தெரிந்ததாகக் கொண்டு அவற்றைக் கடந்து சென்றுவிடுகிறார். பழைய நூல்களை மொழிபெயர்க்கும்போது கண்டுபிடிக்க இயலாத பிழைகள் பெரும்பாலும் இத்தகைய எளிய சொற்களிலேயே தங்கிவிடுகின்றன. பிழையான வாக்கியமும் இலக்கணப்படி சரியாகவே அமைந்துவிடுவதால் படிப்பவருக்கு ஐயம் எழுவதில்லை.

இவ்வகைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'நைஸ்' என்பது தக்க சான்றாகும். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சிறுவரும் அறிந்த சொல் அது. நல்லது, இனியது, அன்பானவர் என்னும் பொருள்களில் இன்று அது வழங்குகிறது. ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதன் பொருள் 'மூடத்தனமான' என்பதாகும். இடைப்பட்ட காலத்தில் அது காமக்களியாட்டத்தையும் நாணத்தையும், அற்பத்தன்மையையும் நுட்பத்தையும் குறித்துள்ளது. இச்சொல் இவ்வாறு மாறிவந்த முறையையும், அம்மாற்றத்தால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ச் சொற்களின் பொருள் மாற்றமும், தமிழ்ப் பேச்சில் இச்சொல் பெற்றுள்ள தனி வாழ்வும் ஒப்புநோக்கப்படுகின்றன.

2. சொற்பிறப்பு

'நைஸ்' என்பதன் மூலம் 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். அதில் 'நெ' என்பது எதிர்மறை முன்னொட்டு. அடுத்துள்ள பகுதி 'ஸ்கீரே' (அறிதல்) என்னும் வினையடியிலிருந்து வந்தது. எனவே 'நெஸ்கியுஸ்' என்றால் 'அறியாதவன்' என்று பொருள். அறிவியலைக் குறிக்கும் 'சயன்ஸ்', மனச்சான்றைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே 'ஸ்கீரே' அடியில் தோன்றியவையே. அறிவைக் குறிக்கும் 'சயன்ஸ்' என்பதும் அறியாமையைக் குறித்த 'நைஸ்' என்பதும் இவ்வாறு ஒரே அடியின் உடன்பாட்டு வடிவமும் எதிர்மறை வடிவமுமாக அமைகின்றன.

'ஸ்கீரே' என்பதற்கு மிகப் பழைய பொருள் 'வெட்டுதல், பிரித்தல்' என்பதாகலாம் எனச் சொற்பிறப்பியலார் பலர் கருதுவர். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து உணர்வதே அறிவு என்னும் கருத்தே இதற்கு அடிப்படையாகும். 'சிரச்சேதம்' என்னும் தொடரில் உள்ள 'சேதம்' என்ற வடசொல்லின் அடியும் இந்தோ ஐரோப்பிய மொழிகளில் இதனோடு உறவுடையது என்பது அவர்கள் கருத்து.

இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் ஒலிகுறைந்து 'நிஸ்' என்பதை ஒத்த வடிவம் பெற்றது. பேதை, வெள்ளறிவினன், அறிவற்றது என்னும் பொருள்கள் அங்கு வழங்கின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சு ஆட்சியாளரின் மொழியாயிற்று. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் மிகுதியான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. கி.பி. 1300ஐ ஒட்டிய காலத்தில் இச்சொல்லும் அவ்வாறே வந்து சேர்ந்தது. அன்று அதன் ஒலிப்பு 'நீஸ்' என்பதாகும். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெட்டுயிர்கள் அனைத்திலும் நிகழ்ந்த பெருமாற்றத்தின் விளைவாக 'ஈ' என்னும் ஒலி 'ஐ' என்றாகி, இன்றைய 'நைஸ்' உருவாயிற்று. ஒலியும் பொருளும் ஆகிய இரண்டும் மாறிவிட்ட நிலையில், மூலச்சொல்லோடு இதற்குள்ள உறவைப் பொதுமக்கள் உணர வாய்ப்பில்லை.

இதே இலத்தீன் சொல் ஸ்பானிய மொழியில் 'நெசியோ' என்று இன்றும் வழங்குகிறது. அதன் பொருள் 'மூடன்' என்பதே. ஒரு தாய்ச்சொல்லின் இரு வழித்தோன்றல்களுள் ஒன்று பழிச்சொல்லாகவும் மற்றொன்று பாராட்டுச் சொல்லாகவும் உள்ளன. மூலப்பொருளிலேயே மாற்றத்தின் திசையும் அடங்கியுள்ளது என்று கருதுவது பொருந்தாது என்பதற்கு இது போதிய சான்றாகும். பேசுவோரின் சமுதாயச் சூழலும் சொல் இடம்பெற்ற தொடர்களுமே திசையை உறுதி செய்கின்றன.

3. இடைக்கால ஆங்கிலத்தில் பொருள் பெருக்கம்

1400இல் மறைந்த கவிஞர் சாசர் இச்சொல்லை 'மூடத்தனமான' என்ற பொருளில் எடுத்தாண்டுள்ளார். அவர் 1380களில் இயற்றிய 'ட்ராய்லஸும் கிரிசைடும்' என்னும் காப்பியத்தின் இரண்டாம் பகுதிக்குரிய முகவுரை மொழியியலார் பலரும் அறிந்த ஒன்று. மொழியின் வடிவம் காலந்தோறும் மாறும் என்றும், முன்னாளில் மதிப்புப் பெற்றிருந்த சொற்கள் இன்று பேதைமை உடையனவாகவும் விந்தையாகவும் தோன்றுகின்றன என்றும் சாசர் அங்குக் குறிப்பிடுகிறார். 'பேதைமை உடையன' என்பதற்கு அவர் ஆண்ட சொல் 'நைஸ்' என்பதன் அக்கால வடிவமே. மொழி மாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவர் தேர்ந்த சொல்லே பின்னர்ப் பெருமாற்றம் அடைந்துவிட்டது. இன்றைய பொருளைக் கொண்டு அவ்விடத்தைப் படிப்பவர், பழஞ்சொற்கள் இனிமையாகத் தோன்றுவதாகக் கவிஞர் கூறுகிறார் என்று நேர்மாறாகக் கொள்வர்.

பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் 'மூடத்தனம்' என்னும் பொதுப்பொருளிலிருந்து பல கிளைகள் தோன்றின. அறிவற்றவன் கட்டுப்பாடின்றி நடப்பான் என்ற எண்ணத்தால் காமக்களியாட்டம், ஆடம்பரமான உடை ஆகியவற்றைக் குறிக்கும் பொருள்கள் ஒருபுறம் எழுந்தன. அறியாதவன் அஞ்சியும் கூசியும் ஒதுங்குவான் என்ற எண்ணத்தால் மென்மை, சோர்வு, நாணம் ஆகியவற்றைக் குறிக்கும் பொருள்கள் மறுபுறம் எழுந்தன. ஒரே சொல் நாணமற்றவரையும் நாணம் மிகுந்தவரையும் ஒரே காலத்தில் சுட்டியமை வியப்பூட்டலாம். எனினும் இரண்டுமே 'உலகியல் அறியாமை' என்னும் ஒரு வித்திலிருந்து முளைத்தவை என்பதை மனங்கொண்டால் இம்முரண் விளங்கும்.

4. நாணத்திலிருந்து நுண்மைக்கு

இன்றைய இனிய பொருளுக்கு வழி அமைத்தது இரண்டாவது கிளையே. அவ்வழியைப் பின்வருமாறு படிப்படியாகக் காட்டலாம்.

முதற்படியில், கூச்சத்தோடு ஒதுங்குபவர் எளிதில் எதையும் ஏற்காதவர் எனக் கருதப்பட்டார். எனவே 'எதிலும் குறை காண்பவர், எளிதில் நிறைவு கொள்ளாதவர்' என்னும் பொருள் பதினாறாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இரண்டாம் படியில், எதையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்பவர் நுண்ணிய வேறுபாடுகளை உணர வல்லவராகவும் இருப்பார் என்ற கருத்து எழுந்தது. குறையாக எண்ணப்பட்டது திறனாக மாறிய இடம் இதுவே. 'நுட்பமான, துல்லியமான' என்னும் பொருள் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. மூன்றாம் படியில், அறிபவரின் பண்பு அறியப்படும் பொருளுக்கு ஏற்றப்பட்டது. நுட்பமாக நோக்குபவர் மட்டுமன்றி, நுட்பமாக நோக்க வேண்டிய வேறுபாடும், நுட்பமாக எடைகாட்டும் துலாக்கோலும் 'நைஸ்' எனப்பட்டன. தமிழில் 'நுண்ணிய அறிவினர்', 'நுண்ணிய நூல்' என அறிபவருக்கும் அறியப்படுவதற்கும் ஒரே அடை வருவதை இதனோடு ஒப்பிடலாம். நான்காம் படியில், நுட்பமாகச் செய்யப்பட்டவை சுவைக்கும் நுகர்ச்சிக்கும் உரியவை என்பதால் உணவு, உடை, பழக்கவழக்கம் முதலியவற்றுக்கு இச்சொல் அடையாயிற்று. அங்கிருந்து 'இனிமையான' என்னும் பொருளுக்கு ஓரடியே எஞ்சியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வடி எடுத்துவைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'அன்பும் பரிவும் உடைய' என்னும் பொருளும் சேர்ந்தது.

மொழியியலார் 'உயர்பொருட்பேறு' என்று கூறும் மாற்றத்திற்கு இஃது எடுத்துக்காட்டு. இதற்கு எதிர்த்திசையில் சென்ற ஆங்கிலச் சொல் 'சில்லி' என்பது. பழைய ஆங்கிலத்தில் 'அருள் பெற்ற, மகிழ்வுடைய' என்று பொருள்பட்ட அது, 'களங்கமற்ற', 'இரங்கத்தக்க', 'வலுவற்ற' என்னும் நிலைகளைக் கடந்து இன்று 'அசட்டுத்தனமான' என்னும் நிலையை அடைந்துள்ளது. 'நைஸ்' மூடனிலிருந்து நல்லவனுக்கு ஏறியது. 'சில்லி' பேறு பெற்றவனிலிருந்து மூடனுக்கு இறங்கியது. தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இழிபொருள் பெற்றதும், கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த 'களிப்பு' பொதுவான மகிழ்ச்சிக்குப் பெயரானதும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கன.

மேற்காட்டிய படிகள் விளக்கத்திற்காக வரிசைப்படுத்தப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு பொருள் மறைந்த பின்னரே அடுத்த பொருள் தோன்றியது என்று கொள்ளலாகாது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பல பொருள்களும் ஒருங்கே வழங்கின. அக்கால மேற்கோள்கள் பலவற்றில் ஆசிரியர் எப்பொருளைக் கருதினார் என்று துணிவது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களே குறித்துள்ளனர். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பேரகராதி பல இலட்சம் மேற்கோள்களைத் தொகுத்து ஆராய்ந்து உருவானது. அத்தகைய தொகுப்பாளர்களுக்கே தயக்கம் இருந்தது எனில், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

5. ஷேக்ஸ்பியர் நாடகங்களில்

1590களில் எழுதப்பட்ட 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் இச்சொல் கதையின் திருப்புமுனையான இரண்டு இடங்களில் வருகிறது. மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில், டைபால்ட் இறந்த பின்னர் பென்வோலியோ நடந்ததை அரசனிடம் எடுத்துரைக்கிறான். சண்டைக்குரிய காரணம் எவ்வளவு அற்பமானது என்பதை எண்ணிப்பார்க்குமாறு ரோமியோ டைபால்ட்டை வேண்டினான் என்பது அவன் கூற்று. 'அற்பமான' என்னுமிடத்தில் உள்ள சொல் 'நைஸ்'. ஐந்தாம் அங்கத்தில், ரோமியோவுக்கு அனுப்பிய மடல் அவனைச் சென்று சேரவில்லை என்று அறிந்த துறவி லாரன்ஸ், அம்மடல் அற்பமானதன்று, மிக முதன்மையான செய்தியைத் தாங்கியது என்று வருந்துகிறார். அங்கும் அதே சொல் எதிர்மறையோடு வருகிறது.

இன்றைய பொருளில் இவ்விடங்களை மொழிபெயர்த்தால் முதலாவதில் சண்டை 'இனிமையானது' என்றாகும். அது பொருந்தாமையால் மொழிபெயர்ப்பாளர் ஒருவேளை விழித்துக்கொள்வார். இரண்டாவது இடமே கொடிய பொறி. 'அந்த மடல் இனிமையானதன்று. கனமான செய்தியை உடையது' என்ற வாக்கியம் தமிழில் தடையின்றி ஓடும். துன்பச் செய்தியைத் தாங்கிய மடல் என்று படிப்பவரும் ஏற்றுக்கொள்வர். உண்மையில் அம்மடலில் இருந்தது காதலரை வாழவைக்கும் திட்டம். ஜூலியட் இறக்கவில்லை என்பதே அதன் செய்தி. ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால் நாடகத்தின் அவலத்திற்குரிய காரணமே மங்கிவிடுகிறது.

'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் இறுதிக் காட்சியில் இச்சொல் வேறு பொருள் தருகிறது. திருமணத்திற்கு முன் முத்தமிடுதல் பிரெஞ்சு மகளிரின் வழக்கமன்று என்று காதரீன் தயங்குகிறாள். கூச்சம் பாராட்டும் வழக்கங்கள் பேரரசர்முன் தலைவணங்கும் என்று ஹென்றி விடையளிக்கிறான். இங்கு 'நைஸ்' என்பதற்கு 'மிகையான கட்டுப்பாடு உடைய, கூச்சம் மிக்க' என்பதே பொருள். ஓர் ஆசிரியரின் நூல்களுள்ளேயே இச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை நிலையாக வைத்துக்கொள்ள இயலாது என்பது இதனால் தெளிவாகிறது.

6. ஜான்சனும் ஆஸ்டினும்

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்குத் துல்லியம், நுட்பம், மிகையான எச்சரிக்கை, எளிதில் நிறைவுறாமை, மென்மை முதலிய பொருள்கள் தரப்பட்டுள்ளன. 'இனிமையான' என்னும் பொதுப்பொருள் அங்கு இடம்பெறவில்லை. 'மென்மையான' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து இது பிறந்ததாக அவர் கருதினார். பின்வந்த ஆய்வாளர் அதை விடுத்து இலத்தீன் மூலத்தை நிறுவினர். தம் காலத்தில் வழங்கிய பொருளுக்கு ஏற்றதொரு மூலத்தை ஜான்சன் தேடியது இயல்பே. நிகழ்காலப் பொருள் சொற்பிறப்பு ஆய்வையும் திசைமாற்றக்கூடும் என்பதற்கு இது சான்றாகிறது.

அடுத்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றத்தை ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தேங்கர் அபே' என்னும் புதினம் பதிவு செய்துள்ளது. அதன் பதினான்காம் அதிகாரத்தில், ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய அச்சப் புதினத்தைக் காதரீன் மார்லண்ட் இச்சொல்லால் பாராட்டுகிறாள். உடனிருக்கும் ஹென்றி டில்னி, அப்படியானால் நூற்கட்டு நேர்த்தியாக இருக்கிறது போலும் என்று கேலி செய்கிறான். நாள், நடை, மகளிர் எனக் கண்டவற்றுக்கெல்லாம் இச்சொல் அடையாக வருவதை நகைக்கிறான். முதலில் அது நேர்த்தி, தகுதி, மென்மை ஆகியவற்றை மட்டுமே குறித்தது என்றும் வாதிடுகிறான். ஜான்சனின் பெயரும் அவ்வுரையாடலில் எழுகிறது.

டில்னியின் வாதத்தில் ஒரு பிழை உள்ளது. அவன் 'முதற்பொருள்' என்று கொண்டது உண்மையில் இடைக்காலத்தில் தோன்றிய ஒரு பொருளே. உண்மையான முதற்பொருளை வலியுறுத்த முற்பட்டால், காதரீன் தனக்குப் பிடித்த நூலை மூடத்தனமானது என்று இகழ்ந்ததாகக் கொள்ள நேரும். பழம்பொருளே சரியான பொருள் என்று வாதிடுவோர் பெரும்பாலும் தாம் அறிந்த அளவிலான பழமையோடு நின்றுவிடுகின்றனர்.

இப்புதினம் 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆஸ்டின் மறைந்த பின், அவருடைய 'பெர்சுவேஷன்' புதினத்தோடு சேர்த்து நான்கு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. அந்த இரண்டாம் புதினத்தில் திரு. எலியட் என்னும் பாத்திரம், நற்குடியினரின் கூட்டத்திற்குப் பிறப்பும் கல்வியும் நன்னடத்தையும் போதும் என்று கூறி, கல்வி வகையில் அக்கூட்டம் அவ்வளவு 'நைஸ்' பார்ப்பதில்லை என்கிறது. 'கண்டிப்பாக ஆராய்வதில்லை' என்பது இங்குப் பொருள். இவ்வாறு ஒரே ஆசிரியர், ஒரே வெளியீடு, ஒரே சொல் என்றிருந்தும் இரு பொருள்கள் அருகருகே நிற்கின்றன. நூல் வெளிவந்த ஆண்டை அறிந்தால் மட்டும் பொருளைத் துணிந்துவிட முடியாது. பேசுபவர் யார், எத்தொடரில் சொல் வருகிறது என்பனவும் நோக்கப்பட வேண்டும்.

இச்சொல் தன் கூர்மையை இழந்து நீர்த்துப்போனதற்கு மகளிரின் பேச்சே காரணம் என்ற கருத்தை, ஆங்கில வழக்கு பற்றிய தமது 1926ஆம் ஆண்டு அகராதியில் ஃபௌலர் நகைச்சுவையாக வெளியிட்டார். ஆஸ்டினின் காட்சியிலும் ஓர் ஆடவனே இளம்பெண்ணின் சொல்லாட்சியைத் திருத்துகிறான். பொருள் நீர்த்துப்போதல் மிகுபயன்பாட்டின் பொது விளைவு. இருபாலார் பேச்சிலும் எல்லா மொழிகளிலும் அது நிகழ்வது. எனவே அதை ஒரு பாலார்மேல் ஏற்றுவது மொழியியல் விளக்கம் ஆகாது.

7. தமிழ் ஒப்புமை: மடமும் பேதையும்

அறியாமையைக் குறிக்கும் சொல் நாணம் மிக்க பெண்ணின் பண்பைக் குறிப்பதாக மாறுவது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழில் 'மடம்' என்பது அறியாமையைக் குறிக்கும். 'மடமை', 'மடையன்' என்னும் வடிவங்கள் இன்றும் இழிபொருளில் வழங்குகின்றன. ஆயினும் தொல்காப்பியக் களவியல் அச்சம், நாண் ஆகியவற்றோடு மடனையும் பெண்பாற்கு உரியதாகக் கூறுகிறது. பிற்கால மரபு பயிர்ப்பைச் சேர்த்து நாற்குணம் என வகுத்தது. 'பேதை' என்பதும் அவ்வாறே. திருக்குறளில் பேதைமை ஓர் அதிகாரத்தின் பொருளாகிப் பழிக்கப்படுகிறது. பெண்களின் பருவங்கள் ஏழனுள் முதற்பருவத்திற்கோ 'பேதை' என்பதே பெயர்.

இச்சொற்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டுசெல்வோர் ஒரு பிழைக்கு ஆளாகலாம். சங்கப் பாடலில் வரும் 'மடந்தை' என்பதை அடிச்சொல்லைக் கொண்டு 'அறிவற்ற பெண்' என்று பெயர்ப்பது அப்பிழையாகும். அதனை 'மூலத்தால் நேரும் பிழை' எனலாம். ஷேக்ஸ்பியரின் 'நைஸ்' என்பதை இன்றைய வழக்கைக் கொண்டு 'இனிமையான' என்று பெயர்ப்பது 'நிகழ்காலத்தால் நேரும் பிழை' எனப்படலாம். முன்னதில் சொல் பிறந்த காலமும், பின்னதில் படிப்பவர் வாழும் காலமும் நூல் எழுந்த காலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே.

8. தமிழ்ப் பேச்சில் 'நைஸ்'

ஆங்கிலத் தொடர்பால் தமிழ்ப் பேச்சு வழக்கில் புகுந்த இச்சொல் இங்குத் தனக்கெனச் சில பொருள்களைப் பெற்றுள்ளது. 'மாவை நைசாக அரைக்கவும்' என்னும் சமையல் குறிப்பில் அது 'திப்பியின்றி மென்மையாக' என்று பொருள்படும். 'துணி நைசாக இருக்கிறது' என்பதில் வழவழப்பைக் குறிக்கும். 'நைசாக நழுவிவிட்டான்' என்பதில் பிறர் அறியாமல் செயல்படுதலும், 'நைசாகப் பேசிக் காரியத்தை முடித்தான்' என்பதில் தந்திரமான இன்சொல்லும், 'நைஸ் பண்ணுகிறான்' என்பதில் தன் தேவைக்காகக் குழைந்து பேசுதலும் சுட்டப்படுகின்றன. இன்றைய ஆங்கிலத்தில் இப்பொருள்கள் இவ்வாறு வழங்குவதில்லை. மாவின் மென்மைக்கு ஆங்கிலத்தார் 'ஃபைன்' என்பதையே ஆள்வர். ஆகவே தமிழிலிருந்து பெயர்ப்போர்க்கு இது தமிழ் எழுத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லாகத் தோன்றினும், பொருளால் தமிழ்ச் சொல்லே.

ஜான்சன் அகராதி தரும் மென்மை, நுட்பம் ஆகிய பொருள்களின் எச்சமே தமிழில் தங்கியுள்ளது என்று முடிவு கட்டத் தோன்றலாம். பொருள் ஒத்திருப்பது மட்டும் வழிவழி வந்த உறவுக்குச் சான்றாகாது. தமிழிலேயே 'நை' என்னும் வினையடி உண்டு. நசுங்குதல், குழைதல், இற்றுப்போதல் என்பன அதன் பொருள்கள். 'நைந்த துணி', 'நையப் புடைத்தல்' ஆகிய வழக்குகள் அனைவரும் அறிந்தவை. 'நைய அரைத்தல்' என்னும் தொடர் இருக்கும் மொழியில் 'நைசாக அரைத்தல்' என்பது அயன்மையின்றி ஒட்டிக்கொண்டது இயல்பே. தெலுங்கு, கன்னடப் பேச்சு வழக்குகளிலும் இதனை ஒத்த ஆட்சிகள் காணப்படுவதால், தமிழ் 'நை' ஒன்றையே காரணமாகக் கொள்ளாது, துணைக்காரணமாகக் கொள்வதே பொருத்தமாகும். மென்மையிலிருந்து ஓசையின்மை, ஓசையின்மையிலிருந்து கரவு, இன்சொல்லிலிருந்து தந்திரம் எனத் தமிழ் வகுத்துக்கொண்ட பாதை தமிழ்ப் பேச்சுச் சூழலிலேயே விளங்கத்தக்கது.

9. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

பழைய பொருள்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. சட்ட ஆங்கிலத்தில் 'நைஸ்' என்னும் அடையோடு வரும் 'வேறுபாடு', 'வினா' ஆகியன இன்றும் நுண்ணிய வேறுபாட்டையும் நுட்பமான சட்டச் சிக்கலையும் குறிக்கின்றன. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இவ்வாட்சி உண்டு. அவற்றைத் தமிழாக்குவோர் 'நல்ல வினா' என்று எழுதிவிட்டால், சிக்கலின் நுட்பம் மறைந்து நீதிபதி வழக்குரைஞரைப் பாராட்டியதாகப் பொருள் திரிந்துவிடும். இன்றைய பேச்சிலேயே குழப்பமான நிலையை இச்சொல்லால் எள்ளலாகச் சுட்டுவதும் உண்டு. அங்கு 'நன்றாயிருக்கிறது' என்னும் தமிழ் எள்ளலே நிகராகும்.

தேவைக்கேற்ப இச்சொல்லுக்குப் பேதைமை, களியாட்டம், கூச்சம், கண்டிப்பு, நுண்மை, அற்பம், இனிமை, அன்பு ஆகியவற்றுள் ஒன்று நிகராக அமையும். எதைத் தேர்வது என்பதற்கு மூன்று வினாக்கள் துணைசெய்யும். நூல் எக்காலத்தது? அடை ஏற்பது ஆளா, பொருளா, செயலா? அச்சொல்லுக்கு எதிராக அல்லது இணையாக ஆசிரியர் வைத்த சொல் எது? துறவி லாரன்ஸின் கூற்றில் 'கனமான செய்தி' என்பது எதிர்நிலையில் வைக்கப்பட்டிருப்பதே 'அற்பம்' என்னும் பொருளை உறுதி செய்கிறது. மூன்றாம் வினாவே பெரும்பாலும் தீர்ப்பளிக்கும்.

இருமொழி அகராதிகள் இதற்கு உதவும் வகையில் அமைய வேண்டும். பொதுவாக அவை பல பொருள்களை வரிசையாகத் தருகின்றன. எப்பொருள் எக்காலத்தது என்று குறிப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நூற்றாண்டைக் குறித்தல் பெரும்பணியாகத் தோன்றலாம். ஆயினும் அன்றாட வழக்கில் உள்ளனவும் பெரும் பொருள் மாற்றம் அடைந்தனவுமான சில நூறு சொற்களுக்கேனும் அவ்வாறு செய்தல் இயலும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துத் தமிழக வரலாற்றை எழுதுவோர்க்கு அத்தகைய பட்டியல் உடனடித் தேவையாகும்.

10. முடிவுரை

'அறியாதவன்' என்று தொடங்கிய சொல் 'நுண்ணிதின் அறிபவன்' என்னும் நிலையை எட்டிப் பின்னர் எதையும் வரையறுத்துக் கூறாத பொதுப் பாராட்டாகத் தளர்ந்துள்ளது. அதன் எந்த ஒரு பொருளையும் 'உண்மைப் பொருள்' என்று தனித்துக் கூற இயலாது. வழங்கிய காலத்தில் வழங்கியோர் கொண்ட பொருளே அந்தந்த இடத்திற்கு உண்மைப் பொருளாகும். சொல்லின் பிறப்பை அறிதல் வரலாற்றறிவுக்கு இன்றியமையாதது. ஆயினும் மொழிபெயர்ப்பில் முடிவான தீர்ப்பு அதனிடம் இல்லை. பழைய நூலொன்றில் ஒரு சொல் மிக எளிதாகப் புரிந்துவிட்டது என்று தோன்றும் இடத்திலேயே அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதை மொழிபெயர்ப்பாளர் வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.